சுவரைப் பார்த்த கேமராக்கள்

ஏப்ரல் 16, புதன்

என் மகள் அழகுமீனாள் புருஷன் வீட்டை விட்டு வந்துவிட்டாள்.

காலையில் சென்னை பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் ஒரே ஒரு பை. அடித்தாரா என்று என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் கேட்டாள். இல்லை. குடியா? இல்லை. வேறு பொம்பளைத் தொடர்பா? அதுவும் இல்லை.

"பிறகு என்னத்துக்கு ஆத்தா வந்தே?"

"என்னால முடியலம்மா."

முடியவில்லை என்பதெல்லாம் ஒரு காரணமா. சைக்கிளில் பழைய பாட்டில் வாங்கித் திரிந்த நாளிலிருந்து, காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை போட்டு உட்கார்ந்திருக்கிற இன்று வரைக்கும் எனக்குத் தெரிந்த நியாயம் ஒன்றுதான். வாங்கிய பொருளைத் திருப்ப வருகிறவன் பழுதைக் காட்ட வேண்டும். காட்ட முடியாத பழுதை எந்த வியாபாரியும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

மாப்பிள்ளை கிருபாகரன் தங்கமான பையன். சோழிங்கநல்லூரில் சொந்த பிளாட், அப்பா அம்மாவும் கூடவே. விளக்கு, ஃபேன், ஏசி, வாசல் பூட்டு எல்லாம் போனிலேயே ஓடுகிற வீடு. அதைப் பற்றி இந்தத் தெருவில் நான் பெருமை பேசாத ஆள் இல்லை. தை மாதமும் இவள் இப்படித்தான் வந்து நின்றாள். ஸ்வீட் பாக்ஸும் பழமும் வாங்கிக்கொண்டு நானே கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தேன். இந்தத் தடவை ஒரு மாசம் கிடக்கட்டும். சூடு தணிந்ததும் அனுப்பிவிடலாம்.

இன்றைக்கே தேவகோட்டையில் பிரித்த ஒரு வீட்டுச் சாமானும் வந்து இறங்கியது. பித்தளை அண்டா, எனாமல் கேரியர், அதோடு ஒரு அட்டைப்பெட்டி நிறைய ஃபிலிம் ரோல் போடுகிற பழைய கேமராக்கள். ஒன்றுகூட ஓடவில்லை. ஓட்டல்காரர்கள் அலமாரியில் அடுக்க வாங்குவார்கள். கடையில் இடமில்லை. பெட்டியை வீட்டுக் கூடத்தில் போட்டேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

பேசுவதில்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். தூக்கம்தான் அதிகம்.

ஏப்ரல் 21, திங்கள்

மத்தியானம் சாப்பிட வந்தபோது சமையற்கட்டில் சத்தம்.

"இந்தாங்க, ஒங்க மக பணியாரச் சட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா. என்னான்னு கேளுங்க."

கூடத்தில் பழைய வேட்டியை விரித்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கேமராவின் மேல்மூடி கழன்று கிடந்தது. பணியாரச் சட்டியின் ஏழு குழியிலும் திருகாணிகள். முதலில் கழற்றியது முதல் குழி, அடுத்தது அடுத்த குழி. திரும்பப் பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து வந்தால் போதுமாம். எலெக்ட்ரானிக்ஸ் படித்த பெண். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை. வீட்டில் எல்லா வசதியும் இருக்கிறதே என்று நான்தான் சொன்னேன்.

"ஓடாத சாமான் ஆத்தா அது. ஷோவுக்குத்தான் விக்கிறது."

"எதனால ஓடலன்னு பாக்கிறேன்பா."

எட்டிப் பார்த்தேன். எத்தனையோ கேமரா கைமாற்றியிருக்கிறேன். உள்ளே பார்த்தது இல்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. வெள்ளி முத்திரை பார்க்கிற என் பூதக்கண்ணாடியை எடுத்துவந்து குனிந்தேன். ஒரு விரல் அகலத்துக்குள் ஓர் ஊரே இருந்தது. பல்சக்கரத்துக்கு மேல் பல்சக்கரம். தலைமுடி கனத்தில் ஒரு சுருள்வில். மஞ்சள், கறுப்பு, நீல நூல் மாதிரி கம்பிகள். ஒன்று நகர்ந்தால் இன்னொன்று தலையசைக்கிறது. முகம் தெரியாத எவனோ ஒருவன் ஜப்பானில் உட்கார்ந்து, யாருமே பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், உள்ளே இருக்கிற தகட்டின் ஓரத்தைக்கூட மழுங்கச் சீவி வைத்திருக்கிறான்.

கடைக்குத் திரும்பிப் போக நேரமாகிவிட்டது.

ஏப்ரல் 24, வியாழன்

பெட்டியில் இருந்ததை எல்லாம் துடைத்து அலமாரியில் அடுக்கிவிட்டாள். அத்தனையையும் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறாள். முதுகுதான் தெரிகிறது. கண்ணாடியில் தூசு படாது. நல்ல யோசனை.

நான் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு முகம் வெளியே தெரிய வைத்தேன். எழுந்துவந்து திருப்பி வைத்தாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

ஒரு கேமராவில் பேட்டரியைப் போட்டுவிட்டு யாரோ அப்படியே மறந்திருக்கிறார்கள். அது கசிந்து, தொடுகிற தகடு பூராவும் பச்சைக் களிம்பு. பித்தளைக் களிம்புதானே, புளி போட்டுத் தேய் என்றேன்.

"புளி வேணாம்பா, வினிகர் போதும்."

பஞ்சு சுற்றிய குச்சியில் தொட்டுத் தொட்டு எடுத்தாள். பிறகு பென்சில் அழிப்பானைச் சின்னதாக வெட்டி ஆன்-ஆஃப் சுவிட்சின் அடியில் விட்டுத் தேய்த்தாள். புது பேட்டரி போட்டாள். சுவிட்சை என்னிடம் காட்டினாள்.

"நீங்க தள்ளுங்க."

தள்ளினேன். மேலே கடுகளவு சிவப்பு விளக்கு எரிந்தது.

நாற்பது வருஷமாகச் செத்துக் கிடந்த சாமான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பஞ்சவர்ணம் மாவுக்கையோடு ஓடிவந்து பார்த்து, சாமி விளக்குக்குக் கும்பிடுகிற மாதிரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அழகு சிரித்தாள். வந்ததிலிருந்து இன்றுதான்.

அதைக் கெடுத்தேன். "நம்ம மாப்பிள்ளைகூட இப்படித்தான் போன்லயே எல்லா சுவிட்சும் வச்சிருக்காரு" என்றேன். எழுந்து கை கழுவப் போய்விட்டாள்.

மே 2, வெள்ளி

மாப்பிள்ளை பேசினார். என்ன ஒரு மரியாதை. "அவளுக்கு எப்ப தோணுதோ அப்ப வரட்டும் மாமா, நான் ஃபோர்ஸ் பண்ணல. ஏசியில இருந்து பழகினவ, அங்க வெயில்ல எப்படித் தூங்கறாளோன்னுதான் கவலை" என்றார். நன்றாகத் தூங்குகிறாள் என்று சொன்னேன். பிறகு, "அப்படியா" என்றார்.

அவருடைய அப்பா தட்சிணாமூர்த்தி, ஓய்வுபெற்ற வாத்தியார், மாசக் கடைசியில் வந்து பேசி முடிக்கலாம் என்கிறார். சரி என்றேன்.

மே 6, செவ்வாய்

அக்னி நட்சத்திரம். மத்தியானம் நான் வீட்டில் சாய்ந்திருந்தபோது ஃபேன் நின்றது. அழகு கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தது. உட்கார்ந்த இடத்திலேயே விறைத்துப்போய் மேலே கூரை மூலைகளைப் பார்த்தாள். பிறகு செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

எதிர்வீட்டில் கேட்பது காதில் விழுந்தது. "அத்தை, ஒங்க வீட்லயும் கரண்ட் இல்லையா?"

"தெருவுக்கே இல்லத்தா. டிரான்ஸ்பார்மர்ல வேலையாம். சாயங்காலம்தான் வரும்."

திரும்பி வந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. "எல்லாருக்கும் போச்சுப்பா" என்றாள், லாட்டரி விழுந்த மாதிரி. முந்தானையால் விசிறிக்கொண்டே வேலையைத் தொடர்ந்தாள். பாட்டு வேறு. கரண்ட் போனதற்குச் சந்தோஷப்பட்ட ஆளை இன்றுதான் பார்க்கிறேன்.

மே 9, வெள்ளி

ஷட்டர் வேகம் வைக்கிற திருகு ஒன்று சுற்றினால் சுற்றிக்கொண்டே இருந்தது, எந்த எண்ணிலும் நிற்கவில்லை. மூடியைத் தூக்கியதும் உள்ளேயிருந்து ஏதோ தெறித்தது.

"யாரும் நடக்காதீங்க."

கடுகைவிடச் சின்ன இரும்புக் குண்டாம். பஞ்சவர்ணம் வாசற்படியிலேயே ஒரு காலைத் தூக்கினபடி நின்றாள். "எம்புட்டு நேரம்டி இப்படிக் கொக்கு மாதிரி நிக்கிறது?"

"கொக்கா நிக்காட்டி மீன் போயிரும்மா."

டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தேன். அப்படி அடித்தால் சின்னப் பொருளுக்கும் நீள நிழல் விழும். மோதிரக் கல் தேடுகிறவர்கள் செய்வது. கட்டில் காலடியில் கிடைத்தது. நகத்தில் ஒட்டி எடுத்துக் கொடுத்தேன். அவள் குண்டை அதன் குழியில் வைத்து, அடியில் சுருள்வில் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மூடியைப் பூட்டினாள். சுற்றினாள்.

டிக். டிக். டிக்.

ஒவ்வோர் எண்ணிலும் நின்று நின்று போகிறது. அந்தச் சத்தம் முழுக்க அந்தக் குண்டிலிருந்து வருகிறதாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு, தன் குழியில் விழுந்து உட்காருகிற சத்தம். எனக்கு அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் போல இருந்தது. கடைக்குப் போகும்வரை சுற்றிக்கொண்டிருந்தேன்.

மே 12, திங்கள்

புதுச்சேரியிலிருந்து செரஃபின் வந்தார். தங்கும் விடுதி வைத்திருக்கிறவர், என் பழைய வாடிக்கை. அலமாரிக்கு அல்ல, நிஜமாகப் படம் எடுக்கக் கேமரா வேண்டும் என்றார். அவருக்குப் பிடித்ததை அழகு இன்னும் தொடவில்லை. பட்டனைச் சுற்றியிருக்கிற ஆன்-ஆஃப் வளையம் இறுகிக் கிடந்தது; சரிபண்ண நாலு நாள் ஆகும் என்று சொல்லி வைத்திருந்தாள். அவள் அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்தாள். இறுகின பூட்டு எத்தனை திறந்திருக்கிறேன். தையல் மிஷின் எண்ணெயை நாலு சொட்டு விட்டு ஆட்டினேன். வழுக்கிக்கொண்டு திரும்பியது. பட்டனை அழுத்தினால் டப்பென்று அடித்தது. செரஃபின் அங்கேயே வாங்கிக்கொண்டு போனார்.

அவள் வந்ததும் சொன்னேன். "நாலு நாள் ஆகும்னியே, நாலு நிமிஷம்."

"என்ன எண்ணெய்ப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

மே 17, சனி

செரஃபின் கேமராவோடு திரும்பி வந்துவிட்டார். பட்டனை அழுத்தினால் அடிக்கவில்லை. ஒரு ரோல் பூராவும் கறுப்பு. நல்ல மனிதர், சத்தம் போடவில்லை.

அழகு முன்பக்கத்தைக் கழற்றிப் பூதக்கண்ணாடியை என்னிடம் தந்தாள். உள்ளே பூவிதழ் மாதிரி மெல்லிய கறுப்புத் தகடுகள், ஒன்றின்மேல் ஒன்று படிந்து. காய்ந்த சருகைவிட லேசானவை. அவற்றின்மேல் என் எண்ணெய், பொரித்த அப்பளத்தில் மினுக்குகிற மாதிரி. எல்லாம் ஒட்டிக் கிடந்தன.

"அன்னைக்கு ஓடத்தான்பா செய்யும். எண்ணெய் விட்ட எடத்துல நிக்காது. உள்ள இறங்கி, எங்க படக்கூடாதோ அங்க போய் ஒட்டிக்கும். எதனால இறுகிச்சுன்னு பாக்காம வழுக்க விட்டா, பழுது அப்படியேதான இருக்கும்?"

ஒவ்வோர் இதழாகக் கழற்றி ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். ஏனோ தை மாதம் நான் வாங்கிக்கொண்டு போன ஸ்வீட் பாக்ஸ் நினைவுக்கு வந்தது. சம்பந்தமில்லாத நினைப்பு.

மே 19, திங்கள்

இதழ்கள் காய்ந்து, அவள் திரும்பக் கோத்துக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பாமல் பேசினாள். நான் கேட்கவில்லை. தானாகத்தான் சொன்னாள்.

"அவர் கத்த மாட்டார்ப்பா. ஒரு வார்த்தை தப்பாப் பேச மாட்டார். ஃபேன் நிக்கும். அவ்வளவுதான்."

"நிக்கும்னா?"

"ஆபீஸ்லேருந்து நிப்பாட்டுவார். நான் என்ன தப்புப் பண்ணேன்னு நானே கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சு, மேல இருக்கிற கேமராவப் பாத்து சாரி சொன்னா திரும்ப ஓடும். தப்பாக் கண்டுபிடிச்சா ஓடாது."

"சுவத்துல தட்ட வேண்டியதுதானே ஆத்தா?"

"சுவத்துல சுவிட்சு எங்கப்பா இருக்கு? ஒரு கண்ணாடிப் பலகைதான் இருக்கு. அது அவர் போன் சொல்றதத்தான் கேக்கும். சில நாள் வாசக்கதவும் அப்படித்தான்."

ஒரு திருகை நகத்தால் நகர்த்திக் காட்டினாள். "இது நான் வச்ச எடத்துல நிக்கும். வேற யாரும் எங்கேயோ இருந்துகிட்டு இத அசைக்க முடியாது. அதான் பிடிச்சிருக்கு."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர் கேட்டேன்.

நன்றாக யோசித்துப் பார்த்தேன். அடி இல்லை, காயம் இல்லை. ஃபேனை நிறுத்தினான் என்று எந்தச் சபையில் போய்ச் சொல்வது? ஊர் சிரிக்கும். பழுது இருக்கிறது, காட்ட முடியாது. இந்த மாதிரி சரக்கு என் கைக்கு வந்ததே இல்லை.

சம்பந்திக்குப் போன் போட்டேன். அவள் சொன்ன ஃபேன் விஷயத்தைச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன்.

மே 20, செவ்வாய்

கடையில் உட்கார்ந்து ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரம் இல்லை.

மே 25, ஞாயிறு

வந்தார்கள். பழம், பூ, எனக்கு ஒரு வேட்டிகூட. பஞ்சவர்ணம் மோர் கொடுத்தாள். அழகு கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை. எங்களுக்குச் சமமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

சம்பந்தி தட்சிணாமூர்த்தி ஆரம்பித்தார். "ஃபேன் நின்னதுக்கெல்லாமா ஒரு பொண்ணு வீட்ட விட்டு வரும்? வெளிய சொன்னா சிரிப்பாங்க சம்பந்தி."

"அது கரண்ட் மிச்சம் பண்ற செட்டிங் மாமா" என்றார் கிருபாகரன். "தானா ஆஃப் ஆகும். இவ என்மேல எடுத்துக்கிட்டா. நான் கோபப்படல. வீட்டுக்கு வந்தாப் போதும்."

அழகு என்னைப் பார்த்தாள். தை மாதமும் இதே மாதிரி பார்த்தாள்.

விற்கிறவன் மறைக்கிற பழுதை நாம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பொருளைப் புகழ வேண்டும். புகழப் புகழ அவனே திறந்து காட்டுவான். நாற்பது வருஷத் தொழிலில் நான் கற்றது அதுதான்.

"எனக்கு இதெல்லாம் வெளங்காது மாப்பிள்ளை. பித்தளை விக்கிற ஆளு. ஆனா ஒங்க வீட்டப் பத்தி ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். ஒரு தடவ காட்டுங்களேன், பாத்துக்கிறேன்."

முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுப் போனைத் திறந்தார். எந்தக் கதவு எப்போது திறந்தது, எவ்வளவு நேரம் திறந்திருந்தது, எல்லாம் வரிசையாக இருந்தது. அழகு வீட்டை விட்டுக் கிளம்பியதுகூட. பிறகு படங்கள். சமையலறை. கூடம். அடுத்ததைத் தள்ளினார். கட்டில்.

"படுக்கிற ரூம்லயுமா தம்பி?" என்றாள் பஞ்சவர்ணம்.

"சேஃப்டிக்கு அத்தை."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் முகத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். இந்த நிமிஷம் நடப்பது, அப்படியே தெரிகிறது. கல்யாணத்தில் பார்த்த அதே அமைதியான முகம்.

"அட, சம்பந்தியம்மா. இம்புட்டுத் தூரத்துலேருந்தா தெரியுது? இங்க உக்காந்தே ஃபேனையும் நிறுத்தலாமா மாப்பிள்ளை?"

"ஈசி மாமா. பாருங்க."

விரலால் தொட்டார். அந்தப் படத்தில் ஃபேன் மெதுவாகி, மெதுவாகி நின்றது.

அந்த அம்மாள் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்கள். கீரைத்தட்டைக் கீழே வைத்தார்கள். எழுந்து நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, நேராக எங்களைப் பார்த்தார்கள். அதாவது மூலையிலிருந்த கேமராவை. போனிலிருந்து குரல் வந்தது.

"கிருபா, அம்மா என்னப்பா பண்ணிட்டேன்?"

அந்த அம்மாள் கொஞ்சம் காத்திருந்தார்கள். யோசித்தார்கள்.

"பால் பாக்கெட்ட வெளியவே வச்சிட்டேன், அதுவா? இப்ப எடுத்து வச்சிர்றேன்பா."

என் வாழ்நாளில் எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறேன். ஒரு மனுஷன் தன் சரக்கின் அடிவயிற்றை இப்படித் தானே கிழித்துக் காட்டிப் பார்த்ததில்லை. இதைத்தான் என் பெண் கேமராவைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஆன் பண்ணுடா" என்றார் சம்பந்தி.

"அப்பா, சும்மா டெமோதான..."

"ஆன் பண்ணுன்னு சொல்றேன்."

ஓடியது. அந்த அம்மாள் கேமராவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்கள். சம்பந்தி மகனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "எத்தன நாளாடா உங்கம்மாவுக்கும்?" என்றார். கிருபாகரன் போனை மூடிச் சட்டைப்பையில் போட்டார். "நான் வாக்கிங் போற நேரமா?" என்று சம்பந்தி மறுபடி கேட்டார்.

நான் பேச வாயெடுத்தேன். மனசுக்குள் நிபந்தனைகளை அடுக்கி வைத்திருந்தேன். அதற்குள் அழகு பேச ஆரம்பித்துவிட்டாள்.

குரல் உயரவில்லை. அழவில்லை. ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, சொல்லாததை விடவும் இல்லை. கிருபாகரன் இரண்டு முறை குறுக்கே வந்தார். இரண்டு முறையும் அவர் முடிக்கும்வரை காத்திருந்து, விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள். திருப்பி அனுப்பலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெண் இவள். நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். இந்த வீட்டில் பேரம் பேசத் தெரிந்த ஆள் நான் ஒருவன்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"அம்மாடி, நீ சொல்றபடி ஆகட்டும்" என்றார் சம்பந்தி. கும்பிட்டார். எனக்கு அல்ல, அவளுக்கு.

பேசி முடித்தது இது. இரண்டு பேரும் சேர்ந்து மனுப் போட்டு விலகிக்கொள்வது. அவள் நகை, பாத்திரம், படித்த சான்றிதழ் எல்லாவற்றையும் சம்பந்தியே தன் கையால் கொண்டுவந்து ஒப்படைப்பது. அவள் இருக்கிற படம் எதுவாக இருந்தாலும், எங்கே இருந்தாலும், அவள் எதிரில் அழிப்பது. கடைசி நிபந்தனை அவள் தனக்காகப் போட்டதல்ல. அந்த வீட்டுக் கூடத்திலும் மாமியார் படுக்கிற அறையிலும் கேமராவைக் கழற்றிவிட்டு, கையால் தட்டுகிற சாதாரண சுவிட்சு சுவரில் வைக்க வேண்டும். அந்த அம்மாள் தானே தட்டிப் பார்த்து, ஃபேன் ஓடுகிறது என்று தன் வாயால் போனில் அழகிடம் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் கையெழுத்து.